விளங்காமல் சொன்ன ஓம்

பதினாறு வருடங்கள் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் வேலை செய்தேன். நியமனக் கடிதத்தில் என் பதவி அலுவலக உதவியாளர். கதவு திறப்பது, கூட்டுவது, தேநீர் ஊற்றுவது, மழை பெய்தால் ஒலிப்பதிவு அறையின் மூலையில் வாளி வைப்பது. இவற்றோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அதற்குக் கடிதத்தில் பெயர் இல்லை. போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது, இப்போது அங்கே போட்காஸ்ட் செய்யும் பிள்ளைகள் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் எழுதித் தரும்படி கேட்டார்கள். "வாயால சொல்லச் சொன்னா ஓடிருவீங்க ஜவ்பர் நானா, அதால எழுதித் தாங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி. அவள் சொன்னது சரி. நான்கு பேர் பார்க்கும்போது என் பெயரைக் கேட்டாலே எனக்கு நா உலர்ந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தொண்ணூறாம் ஆண்டு எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றிய பிறகு புத்தளத்து உப்பளங்களில் கூலிக்கு நின்றேன். முதுகு விட்டுப்போன பிறகு, பாலாவிக்குப் பக்கத்தில் வானொலி நிலையம் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். எழுத்து எனக்கு அங்கேதான் வசப்பட்டது. வேண்டாம் என்று எறிந்த நிகழ்ச்சித் தாள்களை எடுத்து, முன்பக்கத்தில் இருந்ததைப் பார்த்துப் பின்பக்கத்தில் எழுதுவேன். இப்படிப் பல வருடம் எழுதினேன்.

விஞ்ஞான நிகழ்ச்சியை நடத்தியவர் ரிஹானா மிஸ். முன்பு பாடசாலையில் படிப்பித்தவர். என்னைவிட வயதில் இளையவர், அதனால் அண்ணன் முறையில் என்னை நானா என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். ஒரு நாளில் இரண்டு பென்சில் சீவினால் அன்று நிலையத்தில் யாரும் பகிடி விடமாட்டார்கள். பல்கலைக்கழகங்களில் எங்கள் கடலைப் பற்றியும் களப்பைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் என்ன ஆராய்கிறார்கள் என்று தேடுவார். ஆராய்ந்தவர்களையே பிடித்து இருபது நிமிடம் பேசவைப்பார். வியாழக்கிழமை காலை அது ஒலிபரப்பாகும்.

முதல் முறை அவர் என்னைக் கூப்பிட்டது பவளப்பாறை நிகழ்ச்சிக்காக. நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"நானா, தும்புத்தடிய வச்சிட்டு இப்பிடி இரிங்க. ஒண்டு வாசிக்கிறன்."

கடல் சூடானால் பவளங்கள் வெளுத்துப்போவதைப் பற்றி இரண்டு பக்கம் வாசித்தார். முடிந்ததும் "விளங்கிச்சா?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ்."

"அப்ப சொல்லுங்க பாப்பம்."

அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். "கற்பிட்டிக் கடலுக்குள்ள இரிக்கிற பாறையெல்லாம் வெள்ளையாகிட்டு. வெளுத்த உடுப்பு மாதிரி பளிச்செண்டு ஆகிட்டு. நல்லந்தானே மிஸ்?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிட்டார். "பவளத்துக்கு உயிர் இரிக்கு எண்டதையே நான் சொல்லல்ல நானா. உயிர் இரிக்கு எண்டு தெரியாட்டி, வெளுத்தா என்ன, கறுத்தா என்ன?" என்றார். பிறகு தன்பாட்டில் சொல்வது போல், "விளங்கிச்சா எண்டு கேட்டது என்ட பிழை. இந்த ஊருல அப்பிடிக் கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புது முறை ஒன்று வந்தது. தாள் என் கையில் இருக்காது. அவர் ஒரு தடவைதான் வாசிப்பார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வீட்டில் சமைத்துக்கொண்டே வானொலி கேட்பவர்களுக்கு இரண்டாம் தடவை கிடையாது அல்லவா? வாசித்து முடித்ததும் எழுந்து போய்த் தேநீர் ஊற்றுவார். அந்த ஒரு வேளை மட்டும் அவர்தான் ஊற்றுவார், நான் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. இரண்டு பேரும் குடித்து முடிப்போம். வேறு கதை கதைப்போம். அதற்குப் பிறகுதான் "சொல்லுங்க பாப்பம்" வரும். தொலைபேசியை மேசையில் வைத்து நான் சொல்வதைப் பதிவார். நான் ஜன்னலைப் பார்த்துச் சொல்வேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் எது என் தலையிலிருந்து போய்விட்டதோ அந்த இடத்தில் சிவப்புக் கோடு விழும். நான் மாற்றிச் சொன்ன இடத்தில் இரண்டு கோடு.

சொல்லி முடித்த பிறகு மூன்று கேள்விகள் கேட்பார். இதைப் பார்த்தது யார்? எங்கே பார்த்தார்கள்? இன்னும் தெரியாதது என்ன? மூன்றாவதற்கு நான் பதில் சொல்ல முடியாவிட்டால் நிகழ்ச்சி அந்த வாரம் போகாது. "தெரிஞ்சத மட்டும் சொன்னா அது விளம்பரம் நானா" என்பார்.

ஆராய்ச்சியாளர்களில் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். தேநீர் ஊற்றுகிறவன் தங்கள் கட்டுரைக்குப் பரீட்சை வைப்பதா என்று ஒருவர் கேட்டே விட்டார். மிஸ் அவருக்கு என் பதிவைப் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, இரண்டு பந்தியைத் தானே மாற்றி எழுதினார்.

இனி நான் எழுத வேண்டியது அந்தக் கிணற்றுத் தண்ணீர் விடயம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி வேலையில்லை.

யோகன் சேர் என்று ஒரு ஆராய்ச்சியாளர் கற்பிட்டிக் குடாநாட்டில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அங்கே நிலம் வெறும் மணல். தோட்டத்துக்குப் போடும் உரப் பசளையில் ஒரு பகுதி மணலுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். அதற்குப் புத்தகத்தில் நைத்திரேற்று என்று பெயர். நிறம் இல்லை, மணம் இல்லை, வாயில் வைத்தாலும் தெரியாது. பெரியவர்களைவிட, புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் அது ஆபத்து. உடம்புக்குக் காற்றைக் கொண்டுபோகும் வேலையை இரத்தம் சரியாகச் செய்ய விடாது.

யோகன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பணிவானவர். தன் நிகழ்ச்சியைத் தானே எழுதிக்கொண்டு, இரண்டு மாணவிகளோடு வேனில் வந்தார். திரும்பிப் போகும் அவசரம் அவருக்கு. வேன் சாரதி வாசலில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். அதனால் முறை மாறியது. அவரே தன் தாளை வாசித்தார், மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார், நான் தேநீர்த் தட்டோடு ஓரமாக நின்று கேட்டேன்.

வாசித்து முடிந்ததும் மிஸ் என் பக்கம் திரும்பினார். "நானா, சொல்லுங்க பாப்பம்."

தட்டு என் கையில். நான்கு கோப்பை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாணவி பேனையைத் திறந்து கொப்பியில் வைத்தாள், நான் சொல்வதை எழுதிக்கொள்ளப் போகிறாள் போல. அந்தத் தாளில் முடிவுக்குக் கிட்டே ஒரு வசனம் இருந்தது. இன்றும் அது எனக்கு மனப்பாடம். 'கொதிக்கவைத்தலினால் நைத்திரேற்று அகற்றப்படுவதில்லை. ஆவியாதலினால் அதன் செறிவு அதிகரிக்கலாம்.' இந்த வசனம் என் காதில் விழுந்தது, ஆனால் தலைக்குள் போகவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

யோகன் சேர் சிரித்த முகத்தோடு, "விளங்கியிருக்கும்தானே அண்ணை?" என்றார்.

"ஓம் சேர். நல்லா விளங்குது."

மிஸ் என்னைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். அவருக்குத் தெரியும். வாசலில் ஹோர்ன் அடித்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு "சரி, பதிவம்" என்றார்.

வியாழக்கிழமை அது ஒலிபரப்பானது. பலர் அழைத்து நல்ல நிகழ்ச்சி என்றார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, ஆலங்குடாவில் இருக்கும் என் தங்கையின் மகள் ரிஸ்னாவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு மூன்று மாதப் பெண் பிள்ளை. பிரசவத்தோடு ரிஸ்னாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் பிள்ளைக்குப் புட்டிப்பால்தான். நான் போனபோது அவள் குசினியில் நின்றாள். அடுப்பில் பானை, பக்கத்தில் இன்னொரு பானை.

"சோறா புள்ள?"

"இல்ல மாமா, பிள்ளைக்குத் தண்ணி. உங்கட ரேடியோவக் கேட்டுத்தான். கெணத்துத் தண்ணில கெடுதி இரிக்கு எண்டாங்களே. முந்தி ஒரு கொதி வந்ததும் எறக்குவன். இப்ப ஒரு பானை அரைப் பானையாகுற வரைக்கும் எறக்குறல்ல. பக்கத்து வீட்டுலயும் அப்பிடித்தான். நான்தான் சொல்லிக் குடுத்தன்."

பெருமையாகத்தான் சொன்னாள். ஊர் மருத்துவிச்சி இத்தனை வருடமாக எல்லாத் தாய்மாருக்கும் சொன்னது தண்ணீரைக் கொதிக்கவையுங்கள் என்றுதான். அது நல்ல புத்தி, கிருமிக்கு. நாங்கள் தண்ணீரில் கெடுதி என்றோம், கொதிக்கவைத்தல் என்றோம். இடையில் இருந்த புத்தகத் தமிழை விட்டுவிட்டு, இரண்டையும் அவள் தனக்குத் தெரிந்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் பானையை இறக்கி வைத்தபோது உள்ளே பார்த்தேன். தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில், பானையின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அந்த வளையத்தை எனக்குத் தெரியும். உப்பளத்தில் என் கால் இரண்டிலும் அது இருந்திருக்கிறது. களப்பின் உப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் விடுவோம். வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பைக் குடிக்காது. அடுத்த பாத்திக்கு விடும்போது தண்ணீர் குறைந்திருக்கும், உப்பு அதேயளவு இருக்கும். அதற்கடுத்த பாத்தியில் இன்னும் கடுமை. கடைசிப் பாத்தியில் தண்ணீர் போய் உப்பு மட்டும் நிற்கும். செறிவு அதிகரிப்பது என்றால் அதுதான். பத்து வருடம் என் கையால் செய்த வேலை. அந்த வளையம் வெறும் சுண்ணாம்பாக இருக்கலாம், நைத்திரேற்றைக் கண்ணால் காணமுடியாது என்று பிறகு யோகன் சேர் சொன்னார். ஆனால் எனக்கு வசனத்தை விளங்கவைத்தது அந்த வளையம்தான்.

வெளியே போய் ரிஹானா மிஸ்ஸுக்கு அழைத்தேன். சொன்னேன்.

"நானா, அந்தத் தண்ணிய இப்பவே நிப்பாட்டுங்க. கடைல போத்தல் தண்ணி வாங்குங்க. பிள்ளைட உதடும் நகமும் நீலமா இரிக்கா எண்டு பாருங்க."

பிள்ளையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீலம் போலவும் இருந்தது, நிழல் போலவும் இருந்தது. ரிஸ்னா என் முகத்தைப் பார்த்து, "என்ன மாமா? என்ன?" என்று என் சட்டையைப் பிடித்தாள்.

"ஒண்டுமில்ல. ஆட்டோவக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். உப்பளத்தில் பழகிய சிங்களத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், வானொலியையும் சேர்த்து. இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரத்தத்தில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, தண்ணீரால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார் டொக்டர். அவரும் இன்னும் தெரியாதது என்ன என்று சொல்லித்தான் முடித்தார்.

இதற்கிடையில் ரிஹானா மிஸ் மருத்துவிச்சிக்குச் சொல்லி, அவர் ரிஸ்னாவின் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டார். ஆனால் எத்தனை வீட்டில் எத்தனை பானை வற்றிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை. நான் நிலையத்துக்குப் போனபோது மிஸ் முன்னரே வந்திருந்தார். மேசையில் மூன்று பென்சில் சீவப்பட்டுக் கிடந்தன.

"மிஸ், என்ட பிழை. எனக்கு விளங்கல்ல. ஆக்கள் இருந்தாங்க, வெக்கத்துல ஓம் எண்டு சொல்லிட்டன்."

"ஓம் எண்டு சொன்னது நீங்க. அத ஏத்துக்கொண்டது நான். உங்கட முகத்தப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிச்சு. வேன் நிக்குதே எண்டு விட்டுட்டன்." சீவிய பென்சில்களை ஒதுக்கி வைத்து, "உங்களுக்கு வெக்கம். எனக்கு அவசரம். எதுக்குக் கூடுதலா மன்னிப்புக் கேக்கணும் எண்டு எனக்குத் தெரியா நானா" என்றார்.

அன்று பின்னேரமே யோகன் சேர் வந்துவிட்டார், இந்த முறை பஸ்ஸில். முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார். பிறகு தன் தாளை எடுத்து அந்த வசனத்தைக் காட்டினார். "நான் எழுதியிருக்கிறன், பாருங்கோ. இதில ஒரு பிழையும் இல்லை" என்றார். அவர் அதைத் திரும்பவும் வாசித்தார், இந்த முறை சத்தமாக. வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். "எழுதியிருக்கிறன். ஆனா ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

திருத்தத்தை எப்படிப் போடுவது என்று கதைத்தார்கள். செய்தி முடிவில் இரண்டு வசனம் போதும் என்றார் நிலையப் பொறுப்பாளர். மிஸ் மறுத்துவிட்டார். பிழை இருபது நிமிடம் போனது, திருத்தமும் இருபது நிமிடம் போகவேண்டும். வியாழக்கிழமை வரை காத்திருக்கவும் கூடாது, நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும், பெண்கள் குசினியில் நிற்கும் நேரத்தில். என்ன சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை. யோகன் சேர் நான்கு விதமாக எழுதினார். நான்கிலும் அந்த வசனம் வேறு உடுப்பில் திரும்பி வந்தது.

மிஸ் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு கோப்பை. வேறு எதுவும் சொல்லாமல் தொலைபேசியை மேசையில் வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம், உப்புப் பாத்திகள் தெரிந்தன.

"பாத்தில தண்ணி காயக் காய உப்பு கூடுது எண்டு நமக்கெல்லாம் தெரியும்" என்று தொடங்கினேன். "வெயில் செய்யிற அதே வேலையத்தான் அடுப்பும் செய்யிது. கொதிச்சாக் கிருமி சாகும். ஆனா இது கிருமி இல்ல, உப்பு மாதிரி ஒரு சாமான். உப்பு சாகுமா? பானை வத்த வத்தக் கூடும். அதால பிள்ளைட பாலுக்கு இந்தக் கெணத்துத் தண்ணிய எடுக்காதீங்க. வேற தண்ணி எடுத்து, அதக் கொதிக்க வைங்க." அதோடு முடித்திருக்கலாம். ஏனோ தெரியாது, வாய் நிற்கவில்லை. "போன முறை இத வாசிச்சுக் காட்டினப்ப எனக்கு விளங்கல்ல. விளங்காமத்தான் ஓம் எண்டு சொன்னன். என்ட மருமகள் பிள்ளைக்கு அந்தத் தண்ணியக் காச்சிக் குடுத்திட்டா. என்ன மன்னிச்சிக்கோங்க."

திரும்பியபோது யோகன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மிஸ், "நானா, இதப் போடவா? நீங்க வேணாமெண்டா போடமாட்டன்" என்றார்.

ஒலிப்பதிவு அறைக்குள் கூப்பிட்டிருந்தால் நான் ஒருபோதும் போயிருக்கமாட்டேன். ஆனால் சொல்லியாகிவிட்டது. பெயர் மட்டும் வேண்டாம் என்றேன். பெயர் போடவில்லை. ஒரு வாரம் முழுவதும் என் குரல் காலையில் போனது. நான் அந்த நேரத்தில் நிலையத்துக்குப் பின்னால் போய் நிற்பேன்.

பெயர் போடாததால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடையில், பள்ளிவாசலில், எல்லோருக்கும் குரல் தெரிந்துவிட்டது. ஒருவரும் ஏசவில்லை. கனமூலை ஊரிலிருந்து ஒரு தாய் நிலையத்துக்கு அழைத்து, தானும் கிளினிக்கில் டொக்டர் சொல்வதற்கெல்லாம் விளங்காமல் ஓம் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். அதன் பிறகு அப்படி எத்தனையோ பேர். ரிஸ்னா மட்டும் விடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் மாமா, விளங்கல்ல எண்டு சொன்னா நாக்கு விழுந்திருமா? நான் பயந்த பயத்துக்கு உங்களுக்கு ஒரு மாசம் சோறு தரக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

மிஸ் முறையை மாற்றினார். நான் கேட்கும்போது விருந்தினர் அறையில் இருக்கக்கூடாது. என் கையில் தட்டு இருக்கக்கூடாது. வேன் நின்றால் நிற்கட்டும். மூன்று கேள்விகளோடு நான்காவது ஒன்றும் வந்தது: "இதக் கேட்டுட்டு நாளைக்குக் காலைல வீட்டுல என்ன செய்வீங்க?" முதல் மூன்றுக்கும் நான் சரியாகப் பதில் சொல்லி, நான்காவதில் விழுந்த நிகழ்ச்சிகள் பல. டெங்கு நுளம்பைப் பற்றியது ஒன்று, இறால் பண்ணையைப் பற்றியது ஒன்று. எல்லாம் திரும்ப எழுதப்பட்டன.

போட்காஸ்ட் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆராய்ச்சி வெளிவந்த அன்றே நிகழ்ச்சியும் போகவேண்டும் என்கிறார்கள், தேநீர் குடிக்க நேரம் இல்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என் கதிரையை வெறுமையாக வைக்காதீர்கள். யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் ஓம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஓய்வு பெற்று இரண்டாவது வாரம் யோகன் சேரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்று நல்லதாகவும் மற்றது கெட்டதாகவும் இருப்பது ஏன் என்று ஆராய்கிறாராம். போட்காஸ்ட் பிள்ளைகளுக்கு அனுப்பும் முன் எனக்கு அனுப்பியிருந்தார். அதை ரிஸ்னாவின் குசினிக்குக் கொண்டுபோய், அவளையும் வைத்துக்கொண்டு போட்டேன். அவள் கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் உடனே இறக்கினாள். தேநீர் குடித்தோம். அவளுடைய மகள் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தை ஒரு மூலையில் எறிந்துவிட்டு வெளியே ஓடினாள்.

"இப்ப சொல்லு பாப்பம்" என்றேன் ரிஸ்னாவிடம்.

"நல்ல மனிசன். குரலும் நல்லம். ஆனா மண்ணுக்குக் கீழ தண்ணி ஓடுது எண்டு சொல்றாரே, அந்த எடம் ஒண்டும் விளங்கல்ல மாமா."

எனக்கும் அந்த இடம்தான் விளங்கவில்லை. தொலைபேசியை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

"சேர், எங்க ரெண்டு பேருக்கும் விளங்கல்ல."